பயிர் சாகுபடி சான்றிதழ் படிப்பில் சேரப் போகிறவர்கள் பணம் கட்டும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

உரக்கடை வைக்க நினைக்கிறவர்களும், பிளஸ் டூ முடித்துவிட்டு விவசாயம் சம்பந்தமாக ஏதாவது படிக்கலாமா என்று தேடுகிறவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். நீளமாகத்தான் போகும், வயிற்றெரிச்சல் அப்படி.

நான் மன்னார்குடி பக்கம், பி.காம். முடித்தவன். பெரியப்பாவுக்கும் எங்களுக்கும் சேர்த்து ஐந்து ஏக்கர், சம்பா உறுதி, தண்ணீர் நேரத்துக்கு வந்தால் குறுவையும். எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு மூட்டை யூரியா வாங்க ஆறு கிலோமீட்டர் போக வேண்டும், அதனால் ஊரிலேயே சின்னதாக ஒரு கடை போடலாம் என்பது என் திட்டம். லைசென்ஸுக்கு விவசாயம் சம்பந்தமாக ஏதாவது படித்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள், அது உண்மைதான். சரியாக அந்த நேரம் பார்த்து பஸ் ஸ்டாண்ட் தூணில் ஒரு நோட்டீஸ். ஒரு வருட பயிர் உற்பத்திச் சான்றிதழ் படிப்பு, அரசு அங்கீகாரம், உரம் பூச்சிமருந்து லைசென்ஸ் எடுக்கலாம், உதவி வேளாண்மை அலுவலர் வேலைக்கும் தகுதி, சீட் குறைவு. இத்தனையும் ஒரே படிப்பில்! அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

போன் செய்தால் அட்மிஷன் பார்க்கிறவர் தேன் மாதிரி பேசினார். "தம்பி, இது தேசி மாதிரியேதான், அதுக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல உக்காந்திருக்கணும், நம்மகிட்ட உடனே சேரலாம்." தேசி என்பது ஹைதராபாத்தில் இருக்கிற மேனேஜ் என்கிற மத்திய அரசு நிறுவனம் உரம், பூச்சிமருந்து மாதிரி இடுபொருள் விற்பவர்களுக்காக நடத்துகிற 48 வார டிப்ளமோ. "மாதிரியே" என்ற அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் 48,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

ஆபீஸ் சுவரில் நான்கு சான்றிதழ் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஒன்று சங்கப் பதிவு, ஒன்று ஐஎஸ்ஓ 9001, ஒன்று சிறு குறு தொழில் பதிவு, இன்னொன்றில் அசோகச் சின்னம் பெரிதாகத் தெரிந்தது, எழுத்து படிக்கிற அளவுக்கு இல்லை. இதெல்லாம் அங்கீகாரம் என்று நினைத்துக்கொண்டேன். சங்கமாகப் பதிவு செய்வது மனமகிழ் மன்றம்கூடச் செய்கிற வேலை, ஐஎஸ்ஓ என்பது நிர்வாக முறைக்குத் தருவது, தொழில் பதிவு எந்தக் கடைக்காரரும் எடுக்கலாம். இதில் எதுவுமே அவர்கள் கொடுக்கிற படிப்பு செல்லும் என்று சொல்லவில்லை. முதல் தவணை 20,000க்கு ரசீது கொடுத்தார்கள், மீதியை அந்த அட்மிஷன்காரரின் சொந்த நம்பருக்கு ஜிபே செய்யச் சொன்னார்கள், நானும் செய்தேன். படித்தவன்தானே நீ என்று கேட்காதீர்கள், வீட்டில் ஏற்கனவே கேட்டாகிவிட்டது.

வகுப்பு வாரம் மூன்று நாள். நீடாமங்கலம் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் பஸ். நோட்டீஸில் பத்து ஏக்கர் செயல்முறைப் பண்ணை என்று போட்டிருந்தது. கட்டடத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் கருவேல முள், நடுவில் ஒரு தண்ணீர் டேங்க். பாடம் எடுத்த சார் தாவரவியல் முடித்துவிட்டு வந்த சின்னப் பையன், நல்ல மனுஷன், அவருக்கே மூன்று மாதம் சம்பளம் பாக்கி. போனில் பி.டி.எஃப். வைத்துக்கொண்டு வாசிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். விதைக்கும் முன்னால் செய்கிற விதை நேர்த்திக்கு, கிலோ விதைக்கு 100 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கிற நல்ல பாக்டீரியா) என்று எழுதிக்கொண்டு வந்து பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். "பத்து கிராம்டா. உங்க சார் விதையை நேர்த்தி பண்றாரா, முறுக்குக்கு மாவு பிசையுறாரா?" என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் என் நோட்டை அவர் திருத்தினார். அந்த வருடம் நான் கற்றுக்கொண்டது ஏதாவது இருந்தால் அது திண்ணையில்தான்.

இலை வண்ண அட்டை கதையைச் சொல்லியே ஆக வேண்டும். நெல்லுக்கு எப்போது யூரியா போடுவது என்று பார்க்கிற அட்டை அது, பச்சை நிறம் படிப்படியாக அடர்த்தியாகிற, எண் போட்ட பட்டைகள் இருக்கும். நட்டு 14 நாளிலிருந்து வாரம் ஒருமுறை, மேலே முழுசாக விரிந்த இலையை நம் உடம்பு நிழலில் வைத்து அந்தப் பட்டைகளோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னி ரகம் என்றால் 3ஆம் பட்டை, மற்ற ரகங்களுக்கு 4ஆம் பட்டை, அதற்குக் கீழே வெளிறினால்தான் யூரியா. செலவு குறைக்கிற உருப்படியான விஷயம். எங்களுக்குக் கொடுத்தது அதன் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். பச்சை நிறத்தை அளக்கிற அட்டையை ஜெராக்ஸ் போட்டு, "ஸ்டடி மெட்டீரியல்" என்று 1,500 ரூபாய் தனியாக வாங்கினார்கள்.

வயல் பயிற்சி வருடத்துக்கு ஒரே ஒரு நாள். யாரோ ஒருவருடைய திருந்திய நெல் சாகுபடி வயலுக்குக் கூட்டிப்போனார்கள். 14 நாள் நாற்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி எல்லாம் அந்த விவசாயிதான் விளக்கினார். ஆளுக்கு இரண்டு நிமிடம் கோனோவீடர் (வயலில் களையை அமுக்குகிற கைக்கருவி) தள்ளினோம், ஒருவர் கேமராவோடு வந்து ஒவ்வொருவரையும் படம் எடுத்தார், அப்புறம் சாம்பார் சாதம், வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வேளாண்மை உதவி இயக்குநர் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த மேடம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இது எந்த யுனிவர்சிட்டி தம்பி?" எனக்குப் பதில் தெரியவில்லை. பூச்சிமருந்து லைசென்ஸுக்கு வேளாண்மை, வேதியியல், தாவரவியல் மாதிரி டிகிரியோ, பயிர் பாதுகாப்பு ஒரு பாடமாக இருக்கிற ஒரு வருட டிப்ளமோவோ வேண்டும், அந்த டிப்ளமோ அரசு அங்கீகரித்த பல்கலைக்கழகமோ நிறுவனமோ கொடுத்ததாக இருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். அப்புறம் சொன்னதுதான் என்னைக் கொன்றுவிட்டது. "உரம் மட்டும் விக்கப் போறீங்கன்னா பதினஞ்சு நாள் சான்றிதழ் படிப்பு போதுமே, ஒருங்கிணைந்த ஊட்டச்சத்து மேலாண்மைன்னு. வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையமும் நடத்தலாம். உங்களுக்குப் பக்கத்துல நீடாமங்கலத்துலயே நிலையம் இருக்கே, அங்க கேட்டுப் பாருங்க."

நீடாமங்கலம். வாரம் மூன்று நாள், ஒரு வருடம், பஸ்ஸில் தூங்கிக்கொண்டே நான் தாண்டிப் போன ஊர்.

என்னோடு படித்த ஒரத்தநாட்டுப் பெண்ணுக்கு இன்னும் மோசம். அவள் உதவி வேளாண்மை அலுவலர் வேலையை நம்பிச் சேர்ந்தவள். அதற்குப் பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருட வேளாண்மை டிப்ளமோ வேண்டும், அதுவும் அங்கீகாரம் உள்ள இடத்தில். இந்த ஒரு வருடக் காகிதத்தை வைத்து விண்ணப்பம்கூடப் போட முடியாது. அவளுடைய அப்பா அடகு வைத்தது அவள் காதுத் தோட்டை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது தேன் பேச்சு போய்விட்டது. என் ஒரிஜினல் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டி.சி.யும் அவர்களிடம் இருந்தன, "பாக்கி ஃபீஸ் கட்டிட்டு வாங்கிக்கங்க" என்றார்கள். பாக்கியே கிடையாது! பெரியப்பாவும் ஊரில் நான்கு பேரும் நேரில் வந்த பிறகுதான் ஒரிஜினல் கைக்கு வந்தது. தயவுசெய்து எந்தக் கல்லூரிக்கும் ஒரிஜினலைச் சரிபார்க்கக் காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவு செய்தேன், இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கட்டிய பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் புகார் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜிபே செய்த தொகைக்கு ரசீது இல்லாததுதான் இடிக்கிறது, ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

சேர நினைக்கிறவர்கள் கல்லூரிக்காரரிடம் அங்கீகாரம் இருக்கா என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். படிப்பின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் ஆபீசுக்குப் போய், இதற்கு லைசென்ஸ் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். அரை நாள் வேலை. அரசு வேலைக்கு என்றால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த வருட அட்மிஷன் நோட்டீஸ் எங்கள் ஊர் டீக்கடைச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. மேலே அதே அரசு அங்கீகாரம், கீழே வேறு போன் நம்பர். நடுவில் பெரிதாக ஒரு போட்டோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடி கோனோவீடர் தள்ளுவது நான்தான்.