டைம் டைமர்: வகுப்பறையில் எதற்கு உதவும், எதற்கு உதவாது

"மிஸ், இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்கும் பிள்ளைக்கு "கொஞ்ச நேரம்தான்" என்ற பதில் போதாது. துடிப்பை அடக்கச் சிரமப்படுகிற பிள்ளைக்கு அந்தக் 'கொஞ்சம்' பிடிபடவே படாது. மீதி நேரத்தைச் சிவப்பு வட்டாகக் காட்டும் கடிகாரமான டைம் டைமர் அதைக் கண்ணெதிரே காட்டுகிறது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜான் ரோஜர்ஸ் என்ற தாய், இதே கேள்வியைக் கேட்ட தன் மகளுக்காக உருவாக்கியது இது.

இங்கே பார்ப்பது 8 அங்குல, 60 நிமிட மாடல். சிவப்பு வட்டை இடப்பக்கமாக இழுத்து வேண்டிய நிமிடத்தில் விட்டால் போதும். நேரம் கரையக் கரைய சிவப்பும் சுருங்கும். எண்கள் சாதாரணக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடுவதால், மணி பார்க்கக் கற்கும் வகுப்பில் இரண்டையும் அருகருகே மாட்டாதீர்கள். ஒரே ஒரு ஏஏ பேட்டரி. அலாரத்தை அணைத்தே வையுங்கள். நாற்பது பிள்ளைகளும் அதற்காகவே காத்திருப்பார்கள்.

பெரிய குறை சிறிய நேரங்களில்தான். 60 நிமிட முகப்பில் ஒரு நிமிடம் என்பது வெறும் 6 டிகிரி. மூன்று நிமிடம் வைத்தால் தெரிவது மெல்லிய சிவப்புக் கீற்று. கடைசி பெஞ்சிலிருந்து ஒன்றும் புரியாது. ஆனால் இடத்தில் உட்காரச் சிரமப்படுகிற பிள்ளைக்குத் தொடங்க வேண்டியதே அந்த மாதிரிச் சிறிய நேரத்தில்தான். அதற்கு இதே நிறுவனத்தின் 5 நிமிட மாடல் நல்லது. பட்ஜெட் இடிக்கிறதென்றால் மணல் டைமரே போதும்.

முதலில் மூன்று நாள், பிள்ளை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தை விட்டு எழுகிறது என்று குறியுங்கள். சராசரி நான்கு என்றால் மூன்றில் வையுங்கள். ஐந்து தடவையில் நான்கு தடவை சிவப்பு மறையும்வரை உட்கார்ந்தால் ஒரு நிமிடம் கூட்டுங்கள். சிவப்பு மறைந்ததும், சொன்னபடி எழுந்து நோட்டு விநியோகிக்கவோ கரும்பலகை துடைக்கவோ அனுப்பிவிட வேண்டும். "இந்தக் கணக்கை முடித்துவிட்டுப் போ" என்று ஒருமுறை இழுத்தாலும் நம்பிக்கை போய்விடும். அதைவிட மோசம், குறும்புக்குத் தண்டனையாக வட்டை மறுபடி இழுத்து நிமிடம் கூட்டுவது. பல வகுப்புகளில் இந்தக் கருவி அலமாரிக்குள் போவது இப்படித்தான்.

கை தூக்காமல் பதிலைக் கத்திவிடும் பழக்கத்துக்கு மட்டும் இதை வாங்காதீர்கள். அது ஒரு நொடியில் நடந்து முடிவது. எந்த டைமரும் எட்டாது. அங்கே வேலை செய்வது சிலேட்டு. கேள்வி கேட்டதும் எல்லாரும் பதிலை எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். குறைந்தது 3 நொடி கழித்து நீங்கள் கைகாட்டியதும் தூக்கிக் காட்ட வேண்டும். முந்திக்கொள்ளும் பிள்ளையின் பதிலும் வீணாகாது, 'முந்திரிக்கொட்டை' என்ற பட்டப்பெயரும் ஒட்டாது.

இடத்தை விட்டு எழுவது, முறை வரும்வரை காத்திருப்பது, கணினி நேரத்தை முடித்து அடுத்தவருக்கு விடுவது: இவற்றுக்குத் தயங்காமல் வாங்கலாம். பிள்ளையின் கண்மட்டத்தில், இரண்டு மூன்று மீட்டருக்குள் வையுங்கள். நாள் முழுக்க ஓட விட்டால் சுவரோடு சுவராகிவிடும். ஒரு பாடவேளைக்கு இரண்டு தடவை போதும்.