5 ரேக்கா, 120 ரேக்கா? பூல் மேஜையில் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு இடம்?

1996இல் ஹாங்காங்கில் பூல் வீரர்கள் எஃப்ரென் ரேயஸும் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டும் மூன்று நாள் நைன் பால் ஆடினார்கள். 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகளை வைத்து ஆடி, 9ஆம் பந்தைப் பாக்கெட்டில் போடுபவர் ஜெயிக்கும் ஆட்டம் இது; பந்துகளை அடுக்கி ஆடும் ஒவ்வொரு சுற்றும் ஒரு ரேக். முதலில் 120 ரேக் எடுப்பவருக்கே 1,00,000 டாலர் முழுவதும், தோற்றவருக்கு எதுவும் கிடையாது. ரேயஸ் 120-117 என்று ஜெயித்தார். அதே நைன் பாலை மொஸ்கோனி கோப்பை என்ற அணிப் போட்டியில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஆடும்போது, ஒருவர் 5 ரேக் எடுத்தவுடன் அந்த ஆட்டம் முடிந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். எதிராளியோடு ஆடும் 100 ரேக்கில் 55 ரேக் ஜெயிக்கிற ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழில்முறை ஆட்டத்தில் இது நல்ல இடைவெளிதான். ஒரு ரேக்கின் முடிவு அடுத்ததைப் பாதிக்காது என்றால், 5 ரேக் ஆட்டத்தில் அவர் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 62 சதவீதம். 11 ரேக் ஆட்டத்தில் 68. ஹாங்காங் மாதிரி 120 என்றால் 94. அதாவது 5 ரேக் ஆட்டத்தில் அவரைவிடக் குறைந்தவர் நூற்றுக்கு 38 முறை ஜெயித்துவிட்டுப் போவார், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு 5-3 தோல்வியை வைத்து ஒருவரை "ஃபார்ம் போச்சு" என்று எழுதுவது எனக்குப் பிடிக்காதது இதனால்தான்.

அதிர்ஷ்டம் எந்த வழியாக உள்ளே வருகிறது? முக்கியமாக பிரேக், அதாவது அடுக்கிய பந்துகளைக் கலைக்கும் முதல் அடி, வழியாக. 4-4 என்று நிற்கும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் அடித்தவர் எல்லாம் சரியாகத்தான் செய்தார், 1ஆம் பந்தில் முழுசாக அடி விழுந்தது, வெள்ளைப் பந்து மேஜை நடுவில் நிற்கப் போகிறது. அப்போது எங்கிருந்தோ திரும்பி வந்த ஒரு பந்து அதைத் தட்டிவிட, வெள்ளைப் பந்து மெல்ல உருண்டு பக்கப் பாக்கெட்டில் விழுகிறது. எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து, வேண்டிய இடத்தில் வைத்து, மேஜையைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறார். 120 ரேக் ஆட்டத்தில் இது ஒரு ரேக் நஷ்டம், இங்கே மொத்த ஆட்டமே போயிற்று. இதோடு நைன் பாலில் எந்தப் பந்து எந்தப் பாக்கெட் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, குருட்டாம்போக்கில் விழுந்தாலும் செல்லும். பத்துப் பந்து வைத்து, சொல்லி அடிக்கும் டென் பாலில் அந்தக் கதவு பாதி மூடிவிடுகிறது.

அப்புறம், ஜெயித்தவரே அடுத்த பிரேக்கையும் அடிப்பதா, மாறி மாறி அடிப்பதா என்ற பழைய சண்டை. ஜெயித்தவர் பிரேக்கில் எதிராளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோற்கலாம், அதனால் அதுதான் அதிக அதிர்ஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 5 ரேக் ஆட்டத்தில் இரண்டு முறையிலும் முதல் பிரேக் அடித்தவருக்கு அதிகபட்சம் 5 பிரேக், மற்றவருக்கு 4, அதற்கு மேல் யாருக்கும் கிடையாது. ரேக்குகள் ஒன்றையொன்று பாதிக்காத வரை ஜெயிக்கும் வாய்ப்பு இரண்டிலும் ஒன்றேதான், ஸ்கோர்தான் ஒருபக்கமாகத் தெரியும். இருந்தாலும் பார்க்கிறவனாக எனக்கு மாறி மாறி அடிப்பதுதான் பிடிக்கும், இரண்டு பேரின் கையையும் பார்க்கலாம்.

சரி, அப்படியானால் மொஸ்கோனி வெறும் லாட்டரியா? இல்லவே இல்லை. அங்கே ஒரு ஆட்டத்துக்கு ஒரு புள்ளி, 11 புள்ளி எடுத்தால்தான் கோப்பை. ஒவ்வொரு ஆட்டத்திலும் 62 சதவீத வாய்ப்புள்ள அணிக்குக் கோப்பை கிடைக்கும் வாய்ப்பு சுமார் 87 சதவீதமாக ஏறிவிடுகிறது. 2010 முதல் 2017 வரை எட்டு வருடம் ஐரோப்பாவே தொடர்ந்து ஜெயித்தது, அதை அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு மாலையில் நடக்கும் தனித்தனி ஆட்டங்களில் குலுக்கல் இருக்கிறது, ஆனால் போட்டி முழுக்க ஆடி முடிக்கும்போது நல்ல அணி மேலே வந்துவிடுகிறது. அதனால் அந்த 5 ரேக்கைக் கூட்டச் சொல்ல மாட்டேன், அந்தப் படபடப்பு அங்கே வேண்டும்.

தனிநபர் பட்டத்துக்கு மட்டும் எனக்கு நீளம் வேண்டும். 2024இல் ஜெட்டாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் முதலில் 15 ரேக் எடுப்பவருக்குப் பட்டம். ஃபெடோர் கோர்ஸ்ட் எக்லென்ட் காச்சியை 15-14 என்று வென்றார். 28 ரேக் ஆடியும் இருவரையும் பிரிக்க முடியாமல் போய், கடைசி ஒரு ரேக்தான் பட்டத்தைத் தீர்மானித்தது. அங்கே தோற்றவரை நான் குறைவாக எடைபோட மாட்டேன்.