முற்பணம் கொடுத்து வீட்டுப்பணிக்கு அனுப்பும் ஏஜென்சிகள்: சேவை எப்படி?

டிசம்பர் 2 அடிமைமுறை ஒழிப்புக்கான சர்வதேச நாள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தது 1844இல். சவூதியில் 1962இல், ஓமானில் 1970இல். கிழக்கில் வாழைச்சேனை, ஏறாவூர், சம்மாந்துறை, பொத்துவில் பக்கத்துப் பெண்கள் வீட்டுப்பணிக்குப் போவது இவை போன்ற வளைகுடா நாடுகளுக்குத்தான். அதனால் இந்த நாளில், அவர்களை அனுப்பிவைக்கும் சேவையைக் காசு, கடதாசி, காலம் என்று கணக்குப் பார்த்து எழுதுகிறோம். எந்த ஏஜென்சியையும் தனியாகக் குறிப்பிடவில்லை. பொதுவாக நடக்கும் முறையைத்தான் சொல்கிறோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். வேலை மளமளவென்று நடக்கும். பாஸ்போர்ட், மெடிக்கல், ட்ரெயினிங், விசா, டிக்கட் எல்லாவற்றுக்கும் அவர்களே ஓடித்திரிவார்கள். கொழும்புக்கும் பத்தரமுல்லைக்கும் பஸ் ஏறி அலைய வழியில்லாத குடும்பத்துக்கு இது பெரிய உதவி.

ஆனால் ஊரில் ஆட்களை இழுப்பது இந்த உதவி அல்ல, முற்பணம். கெடுதியும் அங்கேதான் தொடங்குகிறது.

அது ஏஜென்சியின் சொந்தக் காசு அல்ல. ஆள் கேட்கும் வீட்டுக்காரர் அந்த நாட்டு ஏஜென்சிக்குக் கட்டும் தொகையில் ஒரு பங்கு இங்கே வருகிறது. அதில் ஒரு துண்டை புரோக்கர் கொண்டுவந்து வீட்டில் கொடுக்கிறார். பெரும்பாலும் தவணையாகத்தான்: மெடிக்கல் பாஸானதும் கொஞ்சம், விசா வந்ததும் கொஞ்சம், பிளேன் ஏறும் நாளில் மிச்சம். முதல் தவணை வந்த அன்றைக்கே மைக்ரோபினான்ஸ் கடனுக்கோ கூரைத் தகரத்துக்கோ போய்விடும். அதற்குப் பிறகு 'எனக்கு விருப்பமில்லை, போகமாட்டேன்' என்று அந்தப் பெண் சொல்ல வேண்டுமென்றால், முதலில் காசைத் திருப்பி வைக்க வேண்டும்.

காசு வாங்கும்போது முத்திரை ஒட்டிய ஒரு கடதாசி நீட்டப்படும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் திரும்பினால் முழுச் செலவையும் கட்டுவதாக அதில் எழுதியிருக்கும். பக்கத்தில் கணவரோ தம்பியோ பிணைக்குக் கையொப்பம் வைப்பார். தொகை எழுதும் இடம் வெறுமையாக இருந்தால் கையொப்பம் வைக்கவே கூடாது. எழுதியிருந்தால் கையில் வந்த காசுக்கும் கடதாசியில் உள்ள காசுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அந்த வித்தியாசத்துக்கு விளக்கம் கிடைக்காவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது மூன்று மாதக் கதை. சவூதியில் வீட்டுக்காரருக்கு முதல் 90 நாள் பரீட்சார்த்தக் காலம். அதற்குள் பணிப்பெண் வேலையை விட்டால் வேறு ஆளோ காசோ கொடுக்கும் பாரம் ஏஜென்சியின் தலையில். சாப்பாடு இல்லை, அடிக்கிறார்கள் என்று அழுது போன் எடுத்தால், 'தங்கச்சி, மூணு மாசம் பொறுமையா இரிங்க' என்று பதில் வருவது இதனால்தான். 91ஆம் நாள் அந்தப் பாரம் இறங்கிவிடும். பிறகு போனையே தூக்காத இடங்கள் இருக்கின்றன.

சம்பளம் கிடைக்கிறதே, இதை ஏன் அடிமைத்தனத்தோடு சேர்த்துப் பேச வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 29ஆம் இலக்க உடன்படிக்கை 1930இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. தண்டனைக்குப் பயந்து, தானாக விரும்பாமல் செய்யும் வேலை எதுவும் கட்டாய உழைப்புதான். சம்பளம் கொடுத்தாலும் அது மாறாது. விரும்பிப் போனவரும், விட்டுவர முடியாமல் போகும் நாளில் அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். சவூதியில் வீட்டைவிட்டு வெளியேறினால் கபீல் (விசா எடுத்த முதலாளி) 'ஹுரூப்', அதாவது ஓடிப்போய்விட்டார் என்ற முறைப்பாடு, போடலாம். போட்டால் இக்காமா (வதிவிட அனுமதி) செல்லாமல் போகலாம், பிடிபட்டால் சிறையும் வரலாம். ஆகவே ஒரு ஏஜென்சியை எடைபோட நாங்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தப் பெண் திரும்பி வரவேண்டும் என்று சொன்னால் அவளைத் திரும்பக் கூட்டிவர இவர்களிடம் எழுத்தில் என்ன வழி இருக்கிறது? முற்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் இடங்களில் இதற்குப் பெரும்பாலும் பதில் இல்லை. அந்தச் சேவையை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். காசு தராமல், ஒப்பந்தப் பிரதியைச் சில நாட்கள் முன்பே தந்து, வீட்டில் வாசித்துப் பார்க்கச் சொல்லும் ஏஜென்சி கிடைத்தால் அதையே பிடியுங்கள்.

உரிமம் இருப்பது கொழும்பிலோ குருநாகலிலோ உள்ள அலுவலகத்துக்கு. ஊரில் திரியும் புரோக்கருக்கு அல்ல. உரிம இலக்கத்தைக் கேட்டு வாங்கி, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் (பியூரோ) 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து அது செல்லுபடியானதா என்று பாருங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்றால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். 2022இல் ஓமானில் நிர்க்கதியான இலங்கைப் பெண்களில் பலர் விசிட் விசாவில் கொண்டுபோகப்பட்டவர்கள். பியூரோவில் பதியாமல் போனால் காப்புறுதியும் இல்லை.

ஒப்பந்தத்தில் வீட்டுக்காரரின் பெயர், விலாசம், தொலைபேசி மூன்றும் இருக்க வேண்டும். குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்கிறது. முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பதும் அங்கே தடை. கட்டாரில் 2021 மார்ச் முதல் வீட்டுப்பணியாளருக்கும் அடிப்படைச் சம்பளம் 1000 றியாலுக்குக் குறையக்கூடாது. ஒப்பந்தம் இதற்குக் கீழே போனால் அங்கேயே சட்டம் மீறப்பட்டுவிட்டது.

போகுமுன் அந்தப் பெண்ணின் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்குத் திறவுங்கள்; வீட்டுச் செலவுக்கு வேறொன்று இருக்கட்டும். இரண்டு வருட உழைப்பு முழுவதும் கணவரின் புத்தகத்தில் விழுந்து கரைந்துபோன வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், பியூரோ ரசீது நான்கையும் படம் எடுத்து வீட்டில் ஒருவரின் போனில் வைக்க வேண்டும். போனைப் பறித்துவிடுவார்கள் என்பதால் இரண்டு இலக்கங்களையாவது மனப்பாடம் பண்ண வேண்டும்: ஒன்று வீட்டினது, மற்றது அந்த நாட்டு இலங்கைத் தூதரகத்தினது.

முறைப்பாடு என்று வந்தால் புரோக்கரின் வாசலில் நாளைக் கடத்த வேண்டாம். அந்த நான்கு பிரதிகளோடும், வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை அழிக்காமலும், பிரதேச செயலகத்தில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரிடம் போங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுத்தில் வாங்காமல் திரும்ப வேண்டாம்.