டிக்ரி வாங்கியாச்சு, பணம்?

புரோநோட்டு எழுதிக் கொடுத்து என்னிடம் பணம் வாங்கிய உறவினர் மீது போட்ட வழக்கில், அசலும் வட்டியும் கட்டச் சொல்லித் தீர்ப்பு, அதாவது டிக்ரி, வந்திருந்தது. சிங்கப்பூரில் நண்பர்களிடம் சொன்னால், "அப்புறமென்ன, கோர்ட்டு வாங்கித் தந்துடும்" என்கிறார்கள். தராது. நாம்தான் நிறைவேற்று மனு போட வேண்டும். ஊரில் சொல்வது ஈ.பி. அதற்கு 12 ஆண்டு வரை அவகாசம் உண்டு. வக்கீலின் குமாஸ்தா சிரித்துக்கொண்டே, "டிக்ரி கல்யாணம் மாதிரி சார், ஈ.பி.தான் குடித்தனம்" என்றார்.

ஈ.பி.யை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. 2025இல் அதே நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது நாடு முழுக்க 8.8 லட்சத்துக்கும் மேல் தேங்கிக் கிடந்தன. வாய்தாவை எதிர்பார்த்து டிக்கெட் போடுவதில் அர்த்தமில்லை. நான் மைத்துனருக்குப் பவர் கொடுத்துவிட்டேன். இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்ட பவர் பத்திரம் ஊர் வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அந்த வேலை இழுபறி இல்லாமல் நடந்தது. அங்கிருந்த அம்மா விடுபட்ட தாளைத் தானே சுட்டிக்காட்டி வாங்கி வரச் சொன்னார்.

அடுத்து ஜப்தி. ஜப்தி செய்ய வரும் கோர்ட்டு ஊழியரான அமீனாவுக்கு வண்டி நாங்கள்தான் பிடித்தோம். அது எழுதாத சட்டம் போலிருக்கிறது. வழியில் வேறொரு வாரண்ட்டையும் முடித்துவிட்டு, டீயும் குடித்து, வீட்டு வாசலில் இறங்கும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. பொழுது சாய்ந்தபின் ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது சட்டம். அமீனா வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தாளில் ஏதோ எழுதிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நுழைந்திருந்தாலும் சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை எதையும் தொட முடியாது. பழைய ஃப்ரிட்ஜை ஏலம் விட்டு எந்தக் காலத்தில் கடன் அடையும்?

"ஆளைப் பிடிச்சு உள்ளே வைங்க" என்றார் சித்தப்பா. வசதி இருந்தும் கட்டாமல் ஏய்க்கிறார் என்று நாம் காட்டினால்தான் சிறை. 1980லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உள்ளே வைத்தால் அவருடைய சாப்பாட்டுப் படியையும் நாம்தான் கட்ட வேண்டும். சித்தப்பா அதோடு அந்தப் பேச்சை விட்டார்.

வேலை செய்தது, சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றுதான். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் போட்டுச் சிங்கப்பூரிலிருந்தே பார்த்தேன். வீடு இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. ஊர் சேவைகளில் நான் முழு மார்க் போடுவது இதற்குத்தான். அந்த வீட்டை ஜப்தி செய்யக் கேட்டு மனு போட்டோம். கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அவர் அன்றே கிழித்துப் போட்டார் என்று கேள்வி. ஆனால் உத்தரவு சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய், வில்லங்கச் சான்றில் ஒரு வரியாக ஏறிவிட்டது. அதைக் கிழிக்க முடியாதே.

அவர் வீட்டின் மேல் வங்கிக் கடன் கேட்டுப் போயிருக்கிறார். வங்கி வக்கீல் அந்த வரியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வாரமே பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு மைத்துனரைத் தேடி வந்தார். வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். மீதியை என் என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான ஊர் வங்கிக்) கணக்கில் போட்டார். வெளியில் கை மாறிய பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால் கணக்கிலேயே வராது என்பதால், கடன் தீர்ந்தது என்று சொல்லும் பைசல் மெமோவும் தாக்கல் ஆனது.

இப்போது ஜப்தியை நீக்கும் உத்தரவு சார்பதிவாளருக்குப் போக வேண்டும். கடனைத் திருப்பிக் கேட்டபோது ஒரு தடவைகூடப் போனை எடுக்காதவர், "அந்த வரி எப்ப மாப்ளே போகும்?" என்று தினமும் வாட்ஸ்அப்பில் கேட்கிறார். அது கோர்ட்டு வேலை மாமா, மெதுவாகத்தான் நடக்கும் என்று பதில் போட்டிருக்கிறேன்.