ஆஸ்மேண்ட் செயலி: கோவைக்குள் நுழையாமல் பைக் பயணத்துக்கு வழி போட

சேலத்திலிருந்து வால்பாறைக்கு பைக்கில் போக வேண்டும், கோவை நெரிசல் கண்ணிலேயே படக் கூடாது. இப்படிப்பட்ட வேலைக்கு, நெட் இல்லாமலும் வழிகாட்டும் வரைபடச் செயலியான ஆஸ்மேண்டை நம்பி எடுக்கலாம். நாம் போட்ட வழியை அது தன் இஷ்டத்துக்கு மாற்றுவதில்லை. அந்த ஒரு குணத்துக்காகவே அதன் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கூகுள் மேப்ஸில் டூவீலர் வசதி 2017-ல் வந்தது. கார் போகாத சந்துகளையும் கணக்கில் எடுத்து நேரத்தை மிச்சம் பிடிப்பதுதான் அதன் வேலை. தினமும் கம்பெனிக்குப் போய்வர அருமை. பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு 250 கிலோமீட்டர் போகிறவருக்கு அதே குணம் தொல்லையாகிவிடும்; ஐந்து நிமிடம் குறைகிறதென்றால் கடைவீதிக்குள் இறக்கிவிடும். சுங்கச்சாவடியைத் தவிர்க்கும் தேர்வையும் தொட வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் பைக்குக்குக் கட்டணமே கிடையாது. காசும் மிஞ்சாது, வழிதான் கோணலாகும்.

ஆஸ்மேண்டில் முதலில் தமிழ்நாடு வரைபடத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். கேரளா, கர்நாடகா தனித்தனிக் கோப்புகள். ஆண்ட்ராய்டு இலவசப் பதிப்பில் 7 முறைதான் வரைபடம் இறக்க முடியும், அதனால் வேண்டிய மாநிலத்தை மட்டும் எடுங்கள். அடுத்து 'பிளான் ரூட்' பகுதியைத் திறந்து, மோட்டார் சைக்கிள் வகையைத் தேர்ந்தெடுத்து, வழியில் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். வகையைத் தேர்ந்தெடுக்க மறந்தால் இரண்டு புள்ளிக்கும் நடுவே சாலையைப் பார்க்காமல் நேர்கோடு போட்டுவிடும்.

சேலம் ஆட்கள் வழக்கமாக 544 நெடுஞ்சாலையிலேயே கோவை வரை போய்ப் பொள்ளாச்சி ரோட்டைப் பிடிப்பார்கள். பெருந்துறையிலேயே இறங்கிவிடுங்கள். சென்னிமலை, காங்கயம், தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி, ஆழியாறு என்று புள்ளி வைத்தால் கோவையும் திருப்பூரும் ஒதுங்கிவிடும். தூரம் பற்றிக் கவலை வேண்டாம். சிக்னலில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிடக் காட்டு ரோட்டில் சீராக ஓட்டுவதில் உடம்பும் நோகாது, இன்ஜினும் சூடேறாது.

பலர் தவறுவது புள்ளி வைக்கும் இடத்தில்தான். ஊர்ப் பெயரைத் தேடிப் புள்ளி வைத்தால் அது பஸ் ஸ்டாண்டிலோ கடைவீதியிலோ போய் விழும். செயலியும் கடமை தவறாமல் அங்கேதான் கூட்டிப்போகும். ஊர் தாண்டி ஒன்றிரண்டு கிலோமீட்டரில், நீங்கள் போக நினைக்கும் சாலையின் மேலேயே வையுங்கள். நடுவே தடுப்புள்ள சாலையென்றால் நன்றாகப் பெரிதாக்கி, நாம் போகும் பக்கத்தில் வைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் விழுந்தால் எங்கோ போய் யூ-டர்ன் அடிக்கச் சொல்லும்.

குறிப்பிட்ட சாலையைத் தொட்டுத் 'தவிர்' என்று சொல்லும் வசதியும் உண்டு. ஆனால் அது அந்தத் துண்டைத்தான் மறிக்கும். சர்வீஸ் ரோட்டில் இறங்கி, தாண்டியதும் பழைய வழிக்கே ஏறிவிடும். பெரிய ஊரைச் சுற்றிப் போக இதை நம்ப வேண்டாம், புள்ளிகளே போதும். மண் ரோட்டைத் தவிர்க்கும் தேர்வுக்கும் ஒரு எல்லை உண்டு. ஆஸ்மேண்ட் பயன்படுத்தும், பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் யாராவது 'மண் சாலை' என்று குறித்திருந்தால்தான் அதற்குத் தெரியும். தோட்டத்துக்குப் போகும் தடம் பல இடங்களில் சாதாரணச் சாலைபோலவே இருக்கும். சந்தேகம் வந்தால் கூகுளின் செயற்கைக்கோள் படத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

போட்ட வழியை ஜிபிஎக்ஸ் (பயணத் தடத்தைச் சேமிக்கும் கோப்பு வகை) கோப்பாகச் சேமித்து, கூட வருபவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். டீ குடிக்கப் பாதை விலகினாலும் திரும்ப அதே தடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது நெட்வொர்க் போனாலும் வரைபடம் போனிலேயே இருக்கும். எல்லா நேரமும் திரை எரிந்தால் சார்ஜ் வேகமாக இறங்கும். திருப்பம் வரும்போது மட்டும் திரை எரியும்படி அமைத்துக்கொள்ளலாம். ஹேண்டில்பாரில் மாட்டுபவர்கள் அதிர்வு தாங்கும் ஹோல்டராகப் பார்த்து வாங்குங்கள். பெரிய இன்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

ஆஸ்மேண்டின் பெரிய குறை, இப்போது எங்கே நெரிசல் என்று தெரியாது. அதனால் கிளம்புமுன் அதே வழியைக் கூகுளில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். சில விஷயங்களை நாமேதான் கணக்கில் வைக்க வேண்டும். திருப்பூர்ப் பக்கம் காலை எட்டரை ஷிப்டுக்கு முந்தைய நேரமும், சம்பளம் போடும் சனிக்கிழமைச் சாயங்காலமும் ஆகாது. சத்தியமங்கலம் வழியாக மைசூர் போகிறவர்கள் வியாழக்கிழமை புளியம்பட்டிச் சந்தைக் கூட்டத்தையும், திம்பம் மலைப்பாதையின் இரவுத் தடையையும் மறக்கக் கூடாது.

தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் காங்கயம், தாராபுரம் சாலைகளில் பழனிக்குப் பாதயாத்திரையும் காவடியும் விடிய விடியப் போகும். நடந்து போகிறவர்களுக்குத்தான் அப்போது சாலை. அந்த நாட்களுக்காக, காங்கயத்திலிருந்து பல்லடம், சுல்தான்பேட்டை, நெகமம் வழியாகப் பொள்ளாச்சிக்கு இன்னொரு தடத்தையும் போட்டு வைத்துவிடுங்கள்.