ஸ்டீம் டெக் ஓஎல்இடி: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

2023 நவம்பரில் வெளிவந்த, கணினி ஆட்டங்களைக் கையில் வைத்தே ஆட உதவும் ஸ்டீம் டெக் ஓஎல்இடி கருவியை, அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா மகன் மூலம் வாங்கி, இரண்டு ஆண்டுகளாக ஏறத்தாழ நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். இந்தியாவில் இது அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வராததால், பழுதானால் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே மனத்தில் கொள்வது நல்லது.

என்னிடம் விசாரிப்பவர்கள் முதலில் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். நான் மின்செலவின் வாட் கணக்கைச் சொல்கிறேன். பேட்டரி 50 வாட்-மணி, செயலியின் உச்சவரம்பு 15 வாட். எல்டன் ரிங் போன்ற ஆட்டத்தில் திரை, விசிறி எல்லாம் சேர்ந்து செலவு 20 வாட்டைத் தாண்டுவதால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்குகிறது. வலப்பக்கம் மூன்று புள்ளிகள் உள்ள பொத்தானை அழுத்தி, வரம்பை 4 வாட்டுக்கு இறக்கி, பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டரில் (வேறொரு கருவியைப் போலவே நடந்து அதன் ஆட்டங்களை ஓட்டும் மென்பொருள்) சோனியின் பழைய கையடக்கக் கருவியான பிஎஸ்பியின் ஆட்டம் ஒன்றைத் திறந்தால், அதே பேட்டரி ஆறு மணி நேரத்தைக் கடக்கிறது. விசிறிச் சத்தமும் காதில் விழுவதில்லை.

புதிய ஆட்டங்களுக்கு நான் விநாடிக்கு 40 பிரேம் (திரையில் மாறும் படங்கள்) என்று வரம்பு வைக்கிறேன். 30 பிரேமில் ஒவ்வொரு படமும் 33.3 மில்லிவிநாடியும், 60 பிரேமில் 16.7 மில்லிவிநாடியும் நிற்கும். 40 பிரேமில் அது 25 மில்லிவிநாடி, அதாவது இரண்டுக்கும் நட்டநடு. எல்டன் ரிங் திறந்தவெளியில் சில இடங்களில் அதற்கும் கீழே இறங்கினாலும், விளையாட்டு கெடுவதில்லை. டெக் லினக்ஸில் இயங்குவதால், விண்டோஸ் ஆட்டங்களின் டைரக்ட்எக்ஸ் வரைகலைக் கட்டளைகளை லினக்ஸிலும் இயங்கும் வல்கனுக்கு மாற்றித் தரும் புரோட்டான் என்ற மென்பொருள், பெரும்பாலும் நம் கவனத்துக்கே வராமல் வேலை செய்கிறது. ஆனால் வேலரண்ட், ஃபோர்ட்நைட் ஆகிய இணைய ஆட்டங்கள் இரண்டும் இதில் ஓடாது. அவற்றுக்காக வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம்.

எனக்கு இக்கருவி மிகவும் பிடித்துப்போனது எமுலேஷனில்தான். பிஎஸ்பியின் திரை 480×272. அதை மூன்று மடங்காக்கினால் 1440×816 ஆகி, டெக்கின் 1280×800 திரைக்குச் சற்றே சுருங்கிக் கூர்மையாகப் பொருந்துகிறது. பிளேஸ்டேஷன் 2 அவ்வளவு எளிதில் வசப்படாது; அதன் மையச் செயலியையும் இரண்டு வெக்டார் அலகுகளையும் வரைகலைச் சில்லையும் ஒரே நேரத்தில் போலச்செய்ய வேண்டியிருப்பதால், அதன் எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2க்கு 10 வாட்டாவது ஒதுக்குகிறேன். என் சொந்த வட்டிலிருந்து எடுத்த ஷேடோ ஆஃப் தி கொலோசஸ், 2005இல் அசல் கருவியிலேயே அடிக்கடி திணறிய ஆட்டம். எமுலேட்டரில் செயலியின் சுழற்சி வேகத்தைக் கூட்டியதும் குதிரை ஓட்டம் சீராகிவிட்டது. இரவில் விளக்கணைத்து ஆடும்போது, பழைய டிவி வடிவிலான 4:3 படத்தின் இரு பக்கக் கருப்புப் பட்டைகளும் இருட்டோடு கலந்து, படம் மட்டும் கையில் நிற்பது போலிருக்கும். எல்சிடி திரையில் அந்தப் பட்டைகள் சாம்பல் பூத்துத் தெரியும்.

சென்ற ஆண்டு ஆட்டங்களோடு, எதுவரை ஆடினோம் என்பதைப் பதிந்துவைக்கும் சேவ் கோப்புகளையும் வைத்திருந்த மெமரி கார்டு ஒரே நாளில் செத்துப்போனது. வட்டுகள் கையில் இருந்ததால் ஆட்டங்களை மீட்டேன், சேவ்களை மீட்க முடியவில்லை. இப்போது சேவ்கள் உள்நினைவகத்தில் இருக்கின்றன. ஞாயிறுதோறும் மடிக்கணினிக்கு ஒரு பிரதி எடுக்கிறேன். கார்டு போனபோது ஷேடோ ஆஃப் தி கொலோசஸில் பத்து கொலோசஸ்களை, அதாவது ராட்சத உருவங்களை, வீழ்த்தியிருந்தேன். முதலிலிருந்து தொடங்கி, பதினாறில் பதினான்காவதன் முன் இப்போது நிற்கிறேன்.