வீடு வாங்கச் சொலிசிட்டர் தேடுகிறீர்களா? 6,000 பவுண் இழந்த என் அனுபவத்தை முதலில் வாசியுங்கள்

லண்டனில் முதல் வீடு வாங்க முயலும் தமிழர் எவரும், "நம்மவர், பக்கத்திலேயே இருக்கிறார், தமிழில் பேசலாம்" என்ற காரணத்தை மட்டும் நம்பி ஒரு சொலிசிட்டரிடம் (வீடு வாங்கும் சட்ட அலுவலைப் பார்க்கும் சட்டத்தரணியிடம்) பணம் கட்டுவதற்கு முன் இதை வாசிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். என் வீட்டுக் கொள்வனவு 2025 ஏப்ரல் 11ஆம் திகதி முடிந்தது. அது மார்ச் 31ஆம் திகதிக்குள் முடிந்திருந்தால் ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது அரசாங்கத்துக்குக் கட்டும் வரி) என்று நான் ஒரு சதமும் கட்டியிருக்க வேண்டியதில்லை. இப்போது 6,000 பவுண் கட்டியிருக்கிறேன். நான் கூலி கொடுத்து அமர்த்திய சொலிசிட்டர் என் கோப்பைத் தொடாமல் வைத்திருந்ததால்தான் அந்தப் பணம் போனது.

கணக்கு எளிது. முதன்முறையாக வீடு வாங்குவோருக்கு 425,000 பவுண் வரை ஸ்டாம்ப் டியூட்டி இல்லை என்ற சலுகை 2022 செப்டம்பரில் வந்தது. அது 2025 மார்ச் 31உடன் முடியும் என்பது நெடுநாள் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. 2024 அக்டோபர் 30ஆம் திகதிய வரவுசெலவுத் திட்டத்திலும் அதை நீட்டவில்லை. ஏப்ரல் 1 முதல் வரம்பு 300,000 பவுணுக்கு இறங்கியது. அதற்கு மேல் 500,000 வரை உள்ள தொகைக்கு 5 வீதம். என் வீட்டின் விலை 420,000. வரம்புக்கு மேற்பட்ட 120,000க்கு 5 வீதம் என்றால் 6,000 பவுண். ஒப்பந்தம் கைமாறிய நாள் இதில் உதவாது; மீதிப் பணம் போய்ச் சேர்ந்து வீடு நம் கைக்கு வரும் நாளே கணக்கில் எடுக்கப்படுகிறது. 2021 ஜூன் 30ஆம் திகதி கொரோனாக் காலச் சலுகை குறைந்தபோதும் இதே விதிதான் இருந்தது, இதே அவசரமும் இருந்தது. ஆகவே வீடு வாங்கி விற்கும் சட்ட அலுவலையே தொழிலாகச் செய்யும் ஒருவர் இந்தத் திகதியை அறிந்திருக்கவில்லை என்று சொல்ல முடியாது.

வீட்டை எங்களுக்குக் காட்டிய எஸ்டேட் ஏஜென்ட், தங்களுடைய பட்டியலில் உள்ள ஒரு நிறுவனத்தை எடுக்கும்படி வற்புறுத்தினார். அப்படி ஆள் அனுப்புவதற்கு ஏஜென்ட்களுக்குத் தரகுப் பணம் கிடைப்பதுண்டு என்று அறிந்திருந்ததாலும், எங்கோ தொலைவில் இருந்து கணினியில் மட்டும் பதில் சொல்லும் நிறுவனம் வேண்டாம் என்று நினைத்ததாலும், நேரில் போய்க் கேட்கக்கூடிய ஓர் உள்ளூர் அலுவலகத்தைத் தேடினேன். வடமேற்கு லண்டனில், கடைத்தெரு ஒன்றில், மேல்மாடியில் இயங்கும் ஒரு தமிழ்ச் சொலிசிட்டர் அலுவலகத்தை உறவினர் ஒருவர் சொன்னார். முற்பணத்தில் ஒரு பகுதி அப்பா தருவதாக இருந்ததால், அவருக்கு விளங்கும் மொழியில் பேசக்கூடிய ஒருவர் வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

அந்த முதற் சந்திப்பைப் பற்றி நான் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் நம்பிக்கை முழுவதும் அந்த அறையில்தான் வாங்கப்பட்டது. 2024 நவம்பர் கடைசி வாரம். அப்பாவைக் கண்டதும் சொலிசிட்டர் எழுந்து வந்து கையைப் பிடித்து, "ஐயா எந்த ஊர்?" என்று கேட்டார். ஊரைச் சொன்னதும் தன் தாயாரின் ஊர் அடுத்த ஊர்தான் என்றார், கோவில் திருவிழாவைப் பற்றிப் பேசினார், தேநீர் வருவித்தார். அப்பா தன் சேமிப்புக் கணக்கின் அறிக்கைகளை எடுத்து வைத்து, பணம் எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாக விளக்கியபோது, "ஐயா, நீங்கள் இதெல்லாம் எனக்குச் சொல்லத் தேவையில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரியுது" என்றார். மார்ச் 31க்குள் முடிக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொன்னேன். விற்பவர் வேறு வீடு வாங்கக் காத்திருக்கவில்லை, வீடு காலியாக இருக்கிறது, வங்கியின் கடன் ஒப்புதலும் வந்துவிட்டது என்றும் சொன்னேன். அவர் சிரித்தபடி, "தங்கச்சி, இது எங்கட வீட்டு அலுவல் மாதிரி. பெப்ரவரியிலேயே திறப்பு உங்கட கையில இருக்கும், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார். அவருடைய கட்டணத்தில் ஒரு பகுதியையும், தேடல்களுக்கான (வீட்டைப் பற்றிக் கவுன்சில் போன்ற இடங்களில் கேட்டறியும் விசாரணைகளுக்கான) 450 பவுணையும் அன்றே கட்டினோம். கவுன்சில் தேடல், நீர் மற்றும் வடிகால் தேடல், சுற்றாடல் தேடல் ஆகிய மூன்றையும் அந்த வாரமே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா, "நல்ல மனுசன், எங்கட ஆள்" என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

டிசம்பரில் விற்பவரின் சொலிசிட்டர் ஒப்பந்தப் பத்திரங்களை அனுப்பிவிட்டதாக ஏஜென்ட் எனக்கு அறிவித்தார். இது லீஸ்ஹோல்ட் (நீண்ட காலக் குத்தகை உரிமையில் உள்ள) பிளாட் என்பதால், கட்டடத்தை நிர்வகிக்கும் நிறுவனம் தரவேண்டிய தகவல் பொதியும் ஜனவரியில் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு எல்லாம் எங்கள் பக்கத்தில்தான் நின்றது. தொலைபேசியில் கேட்டால், வரவேற்பில் இருக்கும் பெண் "சேர் கோர்ட்டுக்குப் போயிட்டார்" என்பார். மறுநாள் கேட்டால் "சேர் மீட்டிங்கில் இருக்கிறார்" என்பார். மின்னஞ்சலுக்குப் பதில் வராது. வாட்ஸ்அப் செய்தியை வாசித்துவிட்டு விட்டுவிடுவார். அபூர்வமாக அவரே பேசினால் பதில் ஒன்றுதான்: "கவுன்சில்காரர் பிந்துறாங்கள், தங்கச்சி, எங்களால என்ன செய்ய ஏலும்?" நேரில் போனபோது, அப்பாவின் வங்கி அறிக்கைகளை மறுபடி கேட்டார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்று அன்று தள்ளி வைத்த அதே காகிதங்கள்தான். கொடுத்தோம். சில வாரம் கழித்து இன்னொரு உதவியாளர் அதே அறிக்கைகளைப் புதிதாகக் கேட்டார்.

மார்ச் நடுப்பகுதியில்தான் விற்பவர் பக்கத்துக்கு முதற் கேள்விகள் போயின. அவர்கள் விரைவாகவே பதில் தந்தார்கள், மார்ச் 28 வெள்ளிக்கிழமை முடிப்பதற்கும் சம்மதித்தார்கள். அந்த வாரம் புதன்கிழமை எங்கள் சொலிசிட்டர் அலுவலகத்திலிருந்து வந்த செய்தி, வங்கிப் பணம் அதற்குள் வராது என்பதுதான். வீட்டின் உரிமை சரியாக இருக்கிறது என்ற சான்றிதழைச் சொலிசிட்டர் வங்கிக்கு அனுப்பிய பிறகே வங்கி பணத்தை விடுவிக்கும். அதற்கு என் வங்கி 5 வேலைநாள் அவகாசம் கேட்கிறது. அந்தச் சான்றிதழ் அதுவரை அனுப்பப்படவே இல்லை. மார்ச் 31 திங்கட்கிழமை கடந்து போனது. அதனுடன் 6,000 பவுணும் போனது. அப்பா தளபாடங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தையும் சேர்த்துத்தான் அதைக் கட்டினோம்.

கொள்வனவு முடிந்ததும் என் கோப்பின் பிரதியை எழுத்தில் கேட்டேன். தயக்கத்துடன் கொடுத்தார்கள். தேடல் நிறுவனத்தின் பற்றுச்சீட்டை அதில் பார்த்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. நவம்பரில் நாங்கள் கட்டிய பணத்துக்கான தேடல்கள் 2025 பெப்ரவரி 17ஆம் திகதி வரை அனுப்பப்படவே இல்லை. கவுன்சில் தன் பதிலை மார்ச் முதல் வாரத்திலேயே கொடுத்திருக்கிறது. அதாவது "கவுன்சில்காரர் பிந்துறாங்கள்" என்று ஜனவரி முழுவதும் எனக்குச் சொன்ன நேரத்தில், கவுன்சிலின் கையில் எங்கள் விண்ணப்பமே இல்லை. தாமதத்தைக்கூட நான் பொறுத்திருப்பேன். ஜனவரியில் உண்மையைச் சொல்லியிருந்தால் வேறொருவரிடம் கோப்பை மாற்றி, அந்த 6,000 பவுணைக் காப்பாற்ற நேரம் இருந்தது. அந்த நேரத்தையும் பொய்யால் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கோப்பை அந்த மாதங்களில் கையாண்டவர் சொலிசிட்டர் தகுதி இல்லாத ஓர் உதவியாளர் என்பதும், அவரும் இடையில் வேலையை விட்டுப் போயிருந்தார் என்பதும் கோப்பிலிருந்தே தெரிந்தது.

பற்றுச்சீட்டைக் காட்டிச் சொலிசிட்டரிடம் நேரில் கேட்டபோது, தங்கச்சி என்ற சொல் காணாமற்போய்விட்டது. "அது அரசாங்கம் எடுக்கிற வரி, நாங்கள் எடுத்த காசு இல்லை" என்றார். முதற் கடிதத்திலேயே முடிவுத் திகதிக்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். நல்லெண்ணத்துக்காகத் தன் கட்டணத்தில் 150 பவுண் குறைப்பதாகச் சொன்னார். 6,000 பவுணுக்கு 150 பவுண்! கடைசியில் அவர் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, "ஐயா, எங்கட ஆக்களுக்குள்ள இதைப் பெரிசுபடுத்த வேண்டாம், மகளுக்குச் சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கிறார். ஒரு முதியவரின் கூச்சத்தைத் தனக்குக் கேடயமாகப் பிடித்த அந்த அழைப்பை நான் மன்னிக்கப் போவதில்லை.

யாரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத எண்ணித்தான் தொடங்கினேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்ஆர்ஏ அமைப்பின் இணையப் பதிவேட்டில் அலுவலகத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் பாருங்கள். உங்கள் கோப்பை நாள்தோறும் கையாளப்போவது யார், அவருடைய தகுதி என்ன, அவர் இல்லாவிட்டால் யார் என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுக் கொள்வனவுக்கான கட்டணத்தை இணையத்தளத்தில் வெளியிட வேண்டும் என்ற விதி 2018 டிசம்பரிலிருந்து இருக்கிறது. இணையத்தளம் இருந்தும் அதைச் செய்யாத அலுவலகத்துக்குள் போகாதீர்கள். கடன் தரும் வங்கி ஏற்கும் சொலிசிட்டர்களின் பட்டியலில் அவர்கள் இருக்கிறார்களா என்று வங்கியிடமே கேளுங்கள். தேடல்களுக்குப் பணம் கட்டினால், அனுப்பிய திகதி உள்ள பற்றுச்சீட்டை அதே வாரம் வாங்குங்கள். "அனுப்பியாச்சு" என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். மோர்ட்கேஜ் என்ற வீட்டுக் கடன் ஒப்புதலுக்கும் காலவரையறை உண்டு என்பதை மறக்காதீர்கள். சந்தேகம் வந்தால் இடையிலேயே கோப்பை மாற்றலாம். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

நான் எழுத்து மூலமான முறைப்பாட்டை அந்த அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். முதலில் அவர்களிடமே முறையிட்டு 8 வாரம் கொடுக்க வேண்டும். தீராவிட்டால் லீகல் ஒம்புட்ஸ்மனிடம் (சட்டச் சேவை பற்றிய முறைப்பாடுகளைத் தீர்க்கும் அமைப்பிடம்) போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை, இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவிடும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. எஸ்ஆர்ஏ ஒழுக்கக்கேட்டை விசாரிக்கும், மோசமான சேவைக்காக உங்கள் பணத்தை மீட்டுத் தராது. அந்த 8 வாரம் முடியும் நாளில் பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் 6,000 பவுணுக்கான கோரிக்கையுடன் ஒம்புட்ஸ்மனுக்குப் போகும். 2025 மார்ச்சில், "கவுன்சில் பிந்துது" என்று சொல்லப்பட்டு இதே போல் பணம் இழந்தவர்கள் உங்களில் இருந்தால், இன்றைக்கே உங்கள் கோப்பின் பிரதியை எழுத்தில் கேட்டு, தேடல் அனுப்பப்பட்ட திகதியைப் பாருங்கள். தவறு நடந்த நாளிலிருந்து, அல்லது அது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து, ஒரு வருடத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம் போக வேண்டும்.